தொட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது

எங்கள் ஊர் பிளம்பர்கள் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதைக்காக வைத்திருக்கிறார்களா, நீக்க மறந்துவிட்டார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. போன மாதம் சதீஷ் என்கிற பிளம்பர் அதில் ஒரு வீடியோவைப் போட்டார். கையுறை மாட்டிய ஒருவர் தன் வீட்டுப் பழைய குளியல் தொட்டியைக் கழற்றிவிட்டு, புதிய தொட்டியை யார் துணையும் இல்லாமல் பொருத்துகிறார். மொத்தம் பதினொரு நிமிடம். சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"வேலு அண்ணே, இதப் பாத்துட்டு வூட்டுக்காரங்களே போட்டுக்கினா நம்ம கதி என்னா?" என்று கீழே என்னைக் கேட்டிருந்தார் சதீஷ்.

நான் அதை மூன்று முறை பார்த்தேன். குழாய், மரை, பூச்சு எல்லாவற்றையும் பற்றிப் பேசிய அந்த மனிதர், தொட்டி உட்காரும் தரையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முப்பத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருந்த நானே ஒரு முறை தரையைப் பார்க்கத் தவறினேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். "உங்களக் கட்டிக்கினதுக்கு ஒரு போலீஸ்காரரக் கட்டியிருக்கலாம்" என்று என் மனைவி சொல்லாத வாரம் இல்லை. இந்தக் குணம் பாதி பிறவியில் வந்தது. மீதியை சாமுவேல் மேஸ்திரி சேர்த்துவிட்டார்.

தாமல் கிராமத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணன்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சமில்லாததால் ஐயம்பேட்டை சாமுவேல் மேஸ்திரியிடம் குழாய் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வருடம் பள்ளம் தோண்டினேன், இரும்புக் குழாய்க்கு மரை போட்டேன், சுவர் உடைத்தேன். எல்லோரும் படுகிற பாடுதான், விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மேஸ்திரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயந்தரம் அதே வெள்ளையோடு போவார். வேலை நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு இணைப்பை முடித்ததும் அதன் அடியில் பழைய செய்தித்தாளை விரிப்பார். தண்ணீரைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து தாளைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். கடுகளவு ஈரம் இருந்தாலும் தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு நடப்பார். நான் இணைப்பை மறுபடி பிரிக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் என் சட்டைப் பை காலியாக இருந்த நாள் குறைவு.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மேஸ்திரி, என் மேல நம்பிக்கையே இல்லியா?"

"உன் மேல இருக்குது. உன் கை மேலதான் இல்ல" என்றார்.

வீட்டுக்காரர்களையும் அவர் நம்ப மாட்டார். "பாதிய மறைப்பாங்க, மீதிய மாத்திச் சொல்வாங்க. எல்லாத்தையும் கேட்டுக்க, ஒண்ணையும் எடுத்துக்காத" என்பார். இதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தேவைக்கு மேலேயே பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான் முதன்முதலில் குளியல் தொட்டியைப் பார்த்தது கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில். பட்டு வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவார்கள் என்று லாட்ஜ்காரர் ஒரே ஒரு அறைக்குத் தொட்டி வாங்கியிருந்தார். மேஸ்திரிக்கும் அதுதான் முதல் தொட்டி என்று எனக்குச் சந்தேகம், ஆனால் அவர் காட்டிக்கொள்ளவில்லை. வெறும் தொட்டியை இடத்தில் வைத்தார். ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்து, காலில் உள்ள நட்டுகளை அரைத் திருகு, கால் திருகாகத் திருப்பினார். கழிவுக் குழாயை மாட்டினார். பிறகு தொட்டியை விளிம்பு வரை நிரப்பச் சொன்னார். நிரம்பிய பிறகுதான் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பூச்சு பூசினார்.

"காலியா இருக்கறப்பவே பூசிட்டா சீக்கிரம் முடியுமே மேஸ்திரி?"

"வெறும் வயித்துல வேட்டிய இறுக்கிக் கட்டிக்கினு பந்தியில உக்காந்து பாரு, தெரியும்."

பாரம் ஏறினால் தொட்டி ஒரு நூல் கீழே இறங்கும். காலியாக இருக்கும்போது பூசினால், தண்ணீர் நிறைந்ததும் பூச்சு பிய்ந்துகொள்ளும். அவர் சொன்னது அவ்வளவுதான். அந்தத் தொட்டியில் யாராவது குளித்தார்களா என்று தெரியாது. இரண்டு வருடம் கழித்து வேறு வேலைக்கு அங்கே போனபோது அதற்குள் மூன்று மூட்டை வெங்காயம் இருந்தது.

அதன் பிறகு நான் தனியாக ஒரு பத்துப் பன்னிரண்டு தொட்டி போட்டிருப்பேன். எல்லாவற்றையும் நிரப்பி, தாள் விரித்து, சோதித்துத்தான் கொடுத்தேன். ஆனால் ஒரு தொட்டியிலும் ஒரு மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வேலையை விட்டு ஓய்ந்த பிறகுதான் தயாளன் வந்தார். பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை அவருக்கு. நூறு சேலை விரித்த பிறகும் முகம் சுளிக்காத மனிதர். சொந்த ஊர் திருமுக்கூடல் பக்கம். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறியிருந்தார். அவர் மனைவி கல்பனா பஸ் படியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். அறுவை சிகிச்சை முடிந்தும் கால் ஊன்ற முடியவில்லை. தினமும் அரை மணி நேரம் வெந்நீரில் உட்கார்ந்து காலை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"மூணு பிளம்பருங்கள கூப்ட்டேன் அண்ணே. இன்னிக்கு வரேன், நாளைக்கு வரேன்னாங்க. ஒருத்தரும் வரல. நானே வீடியோ பாத்துக்கினு போட்டுட்டேன்" என்றார் தயாளன்.

போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதத்தில் கல்பனா நான்கு கால் ஊன்றுகோலை விட்டு ஒற்றைக் கைத்தடிக்கு வந்திருந்தாள். சமையலறை வரை தானாக நடந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள் என்று தயாளன் இரண்டு முறை சொன்னார். அந்தத் தொட்டிக் குளியல் நின்றால் அவள் நடையும் நின்றுவிடும் என்பது எனக்கே புரிந்தது. இப்போது பிரச்சினை என்னவென்றால், சுவரோரப் பூச்சு பத்து நாளைக்கு ஒரு முறை பிய்ந்துகொண்டே இருந்தது. மூன்று முறை பூசியாகிவிட்டது.

நான் போகும்போதே சந்தேகத்தோடுதான் போனேன். தானே போட்டுக்கொண்டவர் எங்கேயோ கோட்டை விட்டிருப்பார், அதை மறைக்கிறார் என்பது என் முடிவு. டேப்பை இடவலமாக மாற்றிச் சுற்றியிருப்பார். ரப்பர் வளையத்தைத் தலைகீழாக வைத்திருப்பார். மட்டம் பார்த்தேன் என்று சொல்வது பொய்யாக இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா வேறு மதிற்சுவருக்கு மேலே தலையை நீட்டி நான் செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபது வயதிருக்கும். பெயர் கமலம்மா என்றார் தயாளன்.

"அந்தம்மாவுக்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணே."

இல்லை என்று அவ்வளவு சீக்கிரம் சொன்னதே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பக்கமிருந்து சுவரில் தண்ணீர் ஊற்றுகிறார்களோ என்று போய்த் தடவிப் பார்த்தேன். கமலம்மா என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு சோதனையைத் தொடங்கினேன். தொட்டியை நிரப்பி, தண்ணீர் நின்ற மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அதே தெருவில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் ஒரு சிட்டிகை அரக்குச் சாயம் வாங்கிவந்து தண்ணீரில் கலந்தேன். சாயத் தண்ணீர் கசிந்தால் எங்கே போனாலும் காட்டிக்கொடுத்துவிடும். தொட்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்தேன். இத்தனைக்கும் நடுவில், மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் உருளை என் கையிலிருந்து மூன்று முறை நழுவியது. மூன்று முறையும் தரையில் உருண்டு தொட்டிக்கு அடியில் போய் நின்றது. தண்ணீர் போகும் ஓட்டை கதவுப் பக்கம் இருக்கிறது, தொட்டி எதிர்ச் சுவரோரம் இருக்கிறது. தரை ஓட்டையை நோக்கித்தானே சரிய வேண்டும்? டைல்ஸ் போட்டவன் வாட்டம் பார்க்காமல் போட்டுவிட்டான் என்று அவனை மனதுக்குள் திட்டிவிட்டு, குனிந்து உருளையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். தண்ணீர் பென்சில் கோட்டிலேயே நின்றது. தாள் மொடமொடவென்று காய்ந்திருந்தது. ஒரு சிவப்புப் பொட்டு எங்கும் இல்லை. தயாளனின் வேலையில் குற்றம் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"பூச்சு பூசும்போது தொட்டி காலியா இருந்துதா, ரொம்பியிருந்துதா?" என்றேன் கடைசியாக.

தயாளன் விழித்தார். "காலியாத்தான் அண்ணே. வீடியோவுல அதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே..."

பிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தொட்டியை நிரம்பியபடியே வைத்துப் புதுப் பூச்சு பூசினேன். ஒரு நாள் முழுக்கக் காயட்டும் என்றேன். கல்பனா கைத்தடியோடு கதவருகே வந்து நின்றாள்.

"அண்ணே, நான் பயமில்லாம எறங்கலாமா?"

"யானையே எறங்கலாம்மா" என்றேன்.

யாரையும் நம்பாத நான், என் வாயை மட்டும் அன்றைக்கு அப்படி நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து, காலை எட்டு மணி இருக்கும். எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயில் சொட்டு நிற்கவில்லை என்று டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். உருளை கை நழுவி விழுந்து, தரையில் உருண்டு, ஓட்டை மேல் போய்ச் சாய்ந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் போகும். தயாளன் வீட்டில் மட்டும் மூன்று முறையும் அது தொட்டிக்கு அடியில் போனது.

நான்கு மாதமாக தயாளன் வீட்டுத் தரையில் தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் அவர் முதல் நாளே சொல்லியிருப்பார். அந்தத் தரை தப்பாகப் போடப்பட்டதல்ல. சரியாகப் போட்ட தரை இப்போது தொட்டிப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏன் இறங்க வேண்டும் என்று யோசித்ததும், அது எந்தத் தெரு என்பது மண்டையில் உறைத்தது.

நெசவுத் தெருவில் பழைய வீடு ஒன்றில் தறி இருந்திருந்தால், அதற்குக் கீழே குழி இருந்திருக்கும். நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டுத்தான் மிதிப்பலகையை மிதிக்க வேண்டும். இடுப்பளவு ஆழம் இருக்கும். தறியை எடுத்துவிட்டால் குழியை மூடி மேலே சிமெண்ட் போட்டுவிடுவார்கள். என்ன போட்டு மூடினார்கள் என்பது மூடியவருக்குத்தான் தெரியும். நடந்து போனால் ஒன்றும் ஆகாது. கட்டில் போட்டாலும் தாங்கும். தினமும் ஒரே இடத்தில் ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு ஆளும் உட்கார்ந்தால்? நான் சோதித்தது தண்ணீரின் பாரத்தை மட்டும்தான். கல்பனாவின் பாரத்தை நான் சேர்க்கவே இல்லை.

தயாளன் எண்ணுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசல் கதவு திறந்திருந்தது. தயாளனின் கைப்பேசி கூடத்து மேசை மேல் கிடந்தது. கல்பனாவைத் தொட்டியில் இறக்கி உட்காரவைத்துவிட்டு, அவர் பால் வாங்கப் போவது வழக்கம். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. நான் அதைத் தட்டினேன்.

"கல்பனாம்மா! நான் வேலு, பிளம்பர். தண்ணியில இருக்கியா?"

"ஆமா அண்ணே. என்னா?"

"அசையாத. காலை மடக்காத, நீட்டாத. அப்படியே இரு."

"என்னா அண்ணே சொல்றீங்க?" என்றாள் உள்ளேயிருந்து. "அவரு வந்து தூக்குனாத்தான் என்னால எழுந்திருக்க முடியும்."

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு அதட்டல். "யோவ், யாருய்யா நீ? ஆம்பள இல்லாத வூட்ல பாத்ரூம் கதவத் தட்டிக்கினு நிக்கிற?"

கமலம்மா. கையில் துடைப்பம்.

"பிளம்பர்மா."

"அன்னிக்கு என்னைய மொறச்சியே, அந்த ஆளா?" துடைப்பம் இறங்கவில்லை.

"அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த எடத்துல தறி இருந்துதா?"

"இருந்துது. எங்க அண்ணன் வூடுதான இது. அதுக்கின்னா இப்ப?"

"குழி எங்க இருந்துது?"

அவர் துடைப்பத்தாலேயே சாத்திய கதவைக் காட்டினார். "தொட்டி போட்டிருக்காரே அந்தப் புள்ள, அங்கதான்."

 உள்ளேயிருந்து டைல்ஸ் விரிகிற சத்தம் கேட்டது. அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். கல்பனா "அண்ணே, சாயுது" என்றாள்.

"தண்ணிய தொறந்து விட்டுடவா?" என்று உடனே கேட்டாள்.

"வேணாம்! பிளக்குல கைய வெக்காதம்மா." தரை இறங்கியிருந்தால் கழிவுக் குழாய் கழன்றிருக்கும். தண்ணீர் முழுவதும் நேராகக் குழிக்குள் பாய்ந்து மிச்சமிருக்கும் மண்ணையும் கரைத்துவிடும். கமலம்மாவிடம் திரும்பினேன். "நீங்க உள்ள போங்கம்மா. தொட்டிய ஒட்டி நிக்காம, கதவுப் பக்கம் நின்னுக்கினு வாளியால மொண்டு மொண்டு என்கிட்ட குடுங்க. நான் திரும்பிக்கறேன்."

அந்த அம்மா அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டி வாளியை வாங்கினேன். முற்றத்தில் கொட்டிவிட்டு ஓடிவந்து மறுபடி நீட்டினேன். வெந்நீர் என் வேட்டியெல்லாம் நனைத்தது. எத்தனை வாளி என்று எண்ணவில்லை. கல்பனா உள்ளே அழவில்லை. "இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்" என்று கமலம்மாவுக்கு அவள் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தயாளன் பால் பாக்கெட்டோடு வந்தபோது, நனைந்த வேட்டியோடு நான் அவர் குளியலறை வாசலில் நிற்கிறேன். அவர் முகத்தில் ஒரு கணம் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் முதலில் அடித்திருப்பேன், பிறகு கேட்டிருப்பேன். அவர் உள்ளே ஓடி மனைவியைத் துணியில் சுற்றித் தூக்கிவந்து கட்டிலில் படுக்கவைத்தார். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்றைக்கே தொட்டியை நகர்த்தித் தரையை உடைத்தோம். இரண்டு விரல் கனத்துக்குத்தான் சிமெண்ட். அதற்குக் கீழே என் கை தோள்பட்டை வரை உள்ளே போனது. கையில் வந்தது உளுத்துப்போன மரம். மிதிப்பலகைகள்.

"எங்க அண்ணன்தான் போட்டாரு" என்றார் கமலம்மா. "கால் பட்ட பலகையா இருந்தாலும் சோறு போட்டது. அத அடுப்புல வெக்க மனசு வருமா? எல்லாத்தையும் குழியிலயே வெச்சி, மேல மண்ணப் போட்டு மூடிட்டாரு. இந்தத் தெருவுல நெறய பேரு அப்படித்தான் மூடினாங்க."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"யாரு கேட்டீங்க? அன்னிக்கு செவுத்துக்கு மேல நின்னு உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன், ஒரு வார்த்த கேக்க மாட்டியான்னு. நீ என்னைய திருடிய பாக்கற மாதிரி பாத்த."

 மரம் உளுத்து உள்ளே வெற்றிடமாகிவிட்டிருந்தது. தொட்டியின் இரண்டு கால் குழியின் விளிம்பிலும், இரண்டு கால் வெற்றிடத்தின் மேலும் நின்றிருக்கின்றன. தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டு, "எல்லாம் நான் பண்ண தப்பு, வெவரம் தெரியாம நானே போட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போட்டதில் தவறில்லை, சரி என்று சொன்ன நான்தான் தவறு என்று கல்பனாவுக்குக் கேட்கும்படி சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

குழியை அடி வரை சுத்தம் செய்தோம். ஜல்லியும் மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டு இடித்தோம். மேலே கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, ஈரச் சாக்கு விரித்து மூன்று வாரம் விட்டோம். அந்த மூன்று வாரத்தில் கல்பனாவின் கால் மறுபடி விறைத்துவிட்டது. கைத்தடியிலிருந்து பழைய நான்கு கால் ஊன்றுகோலுக்குப் போய்விட்டாள். தினமும் நான் போய்ச் சாக்கை நனைக்கும்போது அந்த ஊன்றுகோல் தரையைத் தட்டும் சத்தம் கேட்கும். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது.

தொட்டியைத் திரும்ப வைத்த நாளில் மட்டம் பார்த்தோம், நிரப்பினோம். பூச்சுக் குழாயை நான் கையில் எடுத்தபோது கல்பனா கதவருகே ஒரு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, பூசறதுக்கு முன்னாடி நீங்க எறங்குங்க."

தயாளன் பதறினார். "கல்பனா, பெரியவர்கிட்ட இப்படியா..."

"எறங்கட்டும்" என்றாள் அவள்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இத்தனை தொட்டி போட்ட நான் ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அரை மணி நேரம் உட்காரவைத்தாள். காலை நீட்டச் சொன்னாள், மடக்கச் சொன்னாள், பின்பக்கம் சாயச் சொன்னாள். நான் அசையும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, டைல்ஸின் விளிம்பைத்தான் பார்த்தாள். இடுக்கு ஒரு நூல்கூட அகலவில்லை. பிறகு தயாளன் என் இடத்தில் உட்கார, அந்தப் பாரத்தோடு பூசி முடித்தேன். அவள் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் முடுக்கினேன்.

பூச்சு காய்ந்த மறுநாள், முழு நைட்டியோடு அவள் இறங்க வந்தாள். ஒரு பக்கம் தயாளன் பிடித்துக்கொண்டார். மறுபக்கம் நான் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தொடாமல், நான் முடுக்கிய கம்பியைப் பிடித்து என் கண் முன்னாலேயே மூன்று முறை பலமாக இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. அதன் பிறகே காலைத் தூக்கினாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான்காவது முறையும் அவள் இழுத்துப் பார்த்திருந்தால் நான் இன்னும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.